முனையைத் தாண்டிய பிறகு சொல்லும் தேதி

காரிமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு ரோடு போட ஆரம்பித்திருக்கிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் தார் காயும் வாசனை நேராக என் மேசைக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாத்து, சாத்து, தலைவலி வரும்" என்றார். நான் சாத்தவில்லை. முதல் கப்பலை விட்டு இறங்கி நீ ஊருக்கு வந்த அன்று, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கட்டிப்பிடித்தபோது உன் பையிலிருந்து வந்த வாசனை இது. "என்னாடி, ரோடு போடற எடத்துல இருந்தா வர்ற?" என்று கேட்டேன். "கப்பலுக்கு ஊத்தற எண்ணெய்டி. தாருக்குப் பங்காளி. சூடு பண்ணி ஊத்துனாத்தான் ஓடும்" என்று சொல்லிச் சிரித்தாய். எத்தனை முறை துவைத்தாலும் துணியை விட்டுப் போகாது என்றாய்.

நீ போன பிறகு உனக்கு எதையும் எழுதியதில்லை. நீ கடலில் இருந்தால் மெயில், கரையில் இருந்தால் போன் என்று பழகிவிட்டோம். இரண்டும் இல்லாத இடத்துக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இன்றைக்கு ரோட்டு வேலையால் தெருவில் வண்டி வராது, யாரும் வரமாட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தருமபுரியில் அந்தப் பள்ளியில் நீயும் நானும் ஒரே பெஞ்சு. நீ இண்டூரிலிருந்து ஒரு பஸ்ஸில் வருவாய், நான் காரிமங்கலத்திலிருந்து ஒரு பஸ்ஸில் வருவேன். எனக்குக் கணக்கு வந்தது. உனக்குப் பயம் வராது. கப்பலில் அதிகாரியாகப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம் என்றார்கள். உன் அப்பா தக்காளித் தோட்டத்திலிருந்து கால் மண்ணோடு வந்து கேட்டுக்கொண்டு நின்றார். "எங்க பாப்பா கெணத்துல குதிச்சு வளந்ததுங்க. தண்ணியப் பாத்து அதுக்கு என்னா பயம்?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் கணக்குப் பட்டம் வாங்கி, சென்னையில் ஒரு கப்பல் நிர்வாகக் கம்பெனியில் சேர்ந்ததும் உன்னால்தான். அப்போது நீ அவர்கள் கப்பலில் மூன்றாம் அதிகாரி. "ஆபீஸ்ல வழி போடறதுக்கு ஆள் தேடறாங்க. உனக்குன்னே செஞ்ச வேலைடி" என்று மெயில் போட்டாய். கல்யாணம் ஆகி நான் காரிமங்கலத்துக்குத் திரும்பிய பிறகும் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரச் சொன்னார்கள். சந்தையில் கீரை விற்கும் அம்மா ஒருமுறை என் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "கடலே இல்லாத ஊர்ல குந்திகிட்டு கப்பலுக்கு வழி சொல்றியா? அது கேக்குதா?" என்றார். "சில நேரம் கேக்குதுங்க" என்றேன். இதை உனக்கு எழுதியபோது கப்பலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதாகப் பதில் போட்டாய்.

வேலை ஒன்றும் மாயமில்லை. ஒவ்வொரு நாளும் நண்பகலில் கப்பல் தான் இருக்கும் இடத்தையும், காற்றையும், அலையையும், எரித்த எண்ணெயையும் எங்களுக்கு எழுதும். நான் அடுத்த நாட்களின் காற்று, நீரோட்டம், அலை எல்லாவற்றையும் பார்த்து, எந்த வழியில், எந்த வேகத்தில் போனால் குறைவாக எரியும் என்று கோடு போடுவேன். கோட்டைப் பார்த்துக் கப்பலைச் செலுத்துகிறவர்கள் நீங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எரிவது நிறையக் குறைந்துவிடும் என்பது என் வேலையின் முதல் பாடம். அந்தப் பாடத்தை யாராலும் நடைமுறைக்குக் கொண்டுவர முடியாமல் இருந்தது இரண்டாவது பாடம்.

அந்த இரண்டாவது பாடத்தை எனக்குக் காட்டியது நீதான். அப்போது நீ முதன்மை அதிகாரி ஆகியிருந்தாய். ஒரு பெரிய துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பலிலிருந்து போன் செய்தாய். உன் குரலில் அவ்வளவு கோபத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"பெருங்கடல் பூரா விரட்டு விரட்டுன்னு விரட்டுனாங்க. சிம்னியில கரும்புகை. வந்து பாத்தா எங்களுக்கு முன்னாடியே எத்தனையோ கப்பல் நிக்குது, சந்தையில மாடு கட்டுன மாதிரி. நிக்கறதுக்கும் ஜெனரேட்டர் எரியுது. என்னாத்துக்குடி ஓடுனோம்? இங்க வந்து நிக்கறதுக்கா?"

எனக்குக் காரணம் தெரியும். உனக்கும் தெரியும். கப்பலை வாடகைக்கு எடுப்பவர்களின் ஒப்பந்தத்தில், தாமதிக்காமல் விரைந்து செல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். துறைமுகத்தில் முதலில் வந்து சேர்ந்ததாக அறிவிக்கும் கப்பலுக்குத்தான் வரிசையில் முதல் இடம். மெதுவாக வருகிற கேப்டன் இடத்தை இழப்பார். ஆகவே எல்லோரும் ஓடுகிறார்கள். எல்லோரும் ஓடிவந்து நிற்கிறார்கள். தனி ஒரு கப்பலால் இதில் செய்ய ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். "அப்ப ஒத்தக் கப்பலா இருக்கக் கூடாது. நெலத்துல இருக்கறவங்களும் சேரணும்" என்றாய். எப்படி என்று உனக்கும் அப்போது தெரியவில்லை.

அது தெரிந்த இடம் கடலும் இல்லை, ஆபீசும் இல்லை. அடுத்து நீ ஊருக்கு வந்த விடுமுறையில் உன் அம்மாவின் முழங்கால் வலிக்காக மூவரும் தருமபுரியில் ஒரு டாக்டரிடம் போயிருந்தோம். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றிருந்தோம். மேசையில் இருந்த பெண் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். "டோக்கன் போட்டாச்சுங்க. இப்ப வராதீங்க. சாயந்தரம் பொறப்பட்டு வந்தாப் போதுங்க, உங்க எடம் எங்கியும் போவாது." நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய்.

"கௌரி, கேட்டியா?"

"என்னா?"

"கப்பலுக்கும் டோக்கன் குடுக்கச் சொல்லு. பொறப்படும்போதே வந்து நின்ன மாதிரி கணக்குல எடுத்துக்கட்டும். அப்புறம் நாங்க எதுக்கு ஓடறோம்?"

உன் அம்மா, "ஏம் பாப்பா, இங்கயும் கப்பல்தானா? என் காலப் பாருங்கடி" என்றார்.

உலகத்தில் வேறு சிலரும் இதே யோசனையோடு முயன்றுகொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அது எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கம்பெனியில் அதைச் செய்து பார்க்க ஒரு கப்பல், ஒரு வழி, இரண்டு துறைமுகங்கள் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ரோட்டர்டாமுக்குப் பாமாயில் கொண்டுபோகும் டேங்கரை நீதான் தேர்ந்தெடுத்தாய். செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று அந்தப் பக்கம் போக முடியாமல் எல்லோரும் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனை வழியாகப் போய்க்கொண்டிருந்த காலம். வழி நீண்டுவிட்டது. எரிப்பதும் கூடிவிட்டது. "நீளமான வழியிலதான்டி மிச்சம் புடிக்க எடம் இருக்கு" என்றாய்.

எங்கள் மேலாளர் சுதர்சன் சார் கெட்டவரில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்புவார். பாமாயில் குளிர்ந்தால் உறைந்துவிடும், வழியெல்லாம் அதைச் சூடாக வைத்திருக்க பாய்லர் எரிய வேண்டும், மெதுவாகப் போனால் பாய்லர் அதிக நாள் எரியுமே என்றார். நியாயமான கேள்வி. நீ கப்பலிலிருந்து ஒவ்வொரு தொட்டியின் சூட்டையும் அனுப்பினாய். நான் என்ஜினுக்கு மிச்சமாவதையும் பாய்லருக்குக் கூடுவதையும் எதிரெதிரே வைத்து, எந்த வேகத்தில் இரண்டும் சேர்ந்து குறைகிறது என்று கண்டுபிடித்தேன். மிகவும் மெதுவாகப் போவதும் தவறு என்று தெரிந்தது. அடுத்து, ஒப்பந்த வரியை மாற்றிக்கொள்ள வாடகைக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். சரக்கு இறக்கும் டெர்மினல் நம் டோக்கனை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கே எவ்வளவோ மாதங்கள் போயின. அதற்குள் நீ கேப்டனாகிவிட்டாய். கடைசியில் ஒரே ஒரு பயணத்துக்கு அனுமதி கிடைத்தது.

அந்தப் பயணத்தை நீ மறந்திருக்க மாட்டாய்.

மடகாஸ்கருக்குத் தெற்கே கடந்து ஆப்பிரிக்கக் கரையை நெருங்கும்வரை எல்லாம் கோட்டின்மேல் போனது. அந்தக் கரையோரம் தென்மேற்காக ஒரு பெரிய நீரோட்டம் ஓடுகிறது. அதில் ஏறிக்கொண்டால் என்ஜினைத் தணித்தாலும் கப்பல் விரைந்து போகும். நம் கணக்கில் பெரிய சேமிப்பே அங்கேதான். ஆனால் அதே நீரோட்டத்துக்கு எதிரே தென்மேற்கிலிருந்து புயல்காற்று அடித்தால் அலைகள் செங்குத்தாக எழும். கப்பலின் முகம் பள்ளத்தில் விழுவதுபோல விழும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு இங்கே சந்தை நாள். வெளியே ஆடு கத்துகிறது, மினி பஸ் ஹாரன் அடிக்கிறது. திரையில் இருந்த வானிலைப் படத்தில் காற்றின் நிறம் மாறுவதைப் பார்த்தேன். முந்தைய நாள் இல்லாத காற்று. உடனே உனக்குப் போன் போட்டேன்.

"தென்மேற்குல இருந்து பலமா வருது. நீ நீரோட்டத்த வுட்டு வெளிய வந்துரு."

"நானும் பாத்துட்டுதான் இருக்கறேன். வெளிய வந்தா இதுவரைக்கும் மிச்சம் புடிச்சது எல்லாம் போயிருமேடி."

"போவட்டும்."

"மொதப் பயணம், கௌரி. இதுல ஒண்ணும் தெரியலன்னா சார் மூட்ட கட்டிருவாரு. இன்னொரு தரம் யாரும் கப்பல் குடுக்க மாட்டாங்க."

"கட்டட்டும். நான் போட்ட கோட்ட நானே அழிச்சிட்டேன். இனி நீ எங்க போறியோ அதுதான் வழி."

அந்தப் பக்கம் நீ யாருக்கோ திசை சொல்லும் குரல் கேட்டது. "கடல் பக்கம் போவல. கரைப் பக்கமா ஆழம் கம்மியா இருக்கற எடத்துக்கு ஒதுங்கறேன். அங்க அலை அடங்கியிருக்கும். இங்க இருக்கறவங்க எல்லாத்துக்கும் வூடு இருக்குதுடி" என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

நீ வெளியே வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அலை எழுந்ததோ இல்லையோ. தெரியாமலே இருக்கட்டும். காற்று அடங்கும்வரை நீ கரையோரமாக ஊர்ந்தாய். அப்புறம் சிங்கப்பூரில் கிளம்பும்போதே டெர்மினலுக்குக் கொடுத்திருந்த தேதியைக் காப்பாற்ற அட்லாண்டிக்கில் வேகத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. ரோட்டர்டாமில் நங்கூரம் போடாமல் நேராக உள்ளே போனாய். அது மட்டும் நடந்தது. எண்ணெய்க் கணக்கைப் பார்த்தால், மிச்சம் ஏதோ பெயருக்கு. "இவ்வளவு பாடுபட்டதுக்கு இதுதானா?" என்றார் சுதர்சன் சார். திட்டம் அப்படியே நின்றது. நீ மட்டும் மெயிலில், "தப்பு டோக்கன்ல இல்ல. தேதியில. ஊருக்கு வந்து பேசறேன்" என்று எழுதியிருந்தாய்.

ஊருக்கு வந்தாய். அடுத்த கப்பலில் ஏறும் முன் எல்லோருக்கும் செய்யும் உடல் பரிசோதனைக்குப் போனாய். ரத்தத்தில் ஏதோ சரியில்லை என்று திரும்பவும் எடுத்தார்கள். பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரத்தப் புற்று என்று அங்கே சொன்ன அன்று, நீ டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்ப நான் கப்பலுக்குத் திரும்பலாம்?" என்பது. அவர் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிகிச்சைக்கு எந்தெந்த நாள் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எத்தனை முறை தருமபுரி ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறினோம்! உன் அப்பா தோட்டத்தை விட்டு வர முடியாத நாட்களில் நான் வருவேன். நீ ஜன்னலோரம் உட்காருவாய். ஓசூர் தாண்டும்வரை உன்னிடம் நோயைப் பற்றிப் பேச முடியாது. கையை நீட்டி மறித்துவிடுவாய். "அத டாக்டரு பாத்துக்குவாரு. நம்ம வேலையப் பாக்கலாம்" என்பாய்.

ஒரு பயணத்தில், தலையில் துணி கட்டியிருந்தாய், முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் மட்டும் கப்பலில் இருப்பதுபோல விழித்திருந்தது. சொன்னாய்:

"முனையைத் தாண்டற வரைக்கும் யாருக்கும் தேதி சொல்லாத. அங்க என்னா காத்து வரும்னு சிங்கப்பூர்லயே யாருக்குத் தெரியும்? முன்னாடியே தேதி குடுத்துட்டா, கடலு கெட்டுப்போனாலும் அந்தத் தேதிக்காக ஓட வேண்டியிருக்கு. வரிசையில எடம் மட்டும் கேளு. முனையைத் தாண்டுன மறுநாள் தேதியச் சொல்லு."

"டெர்மினல் ஒத்துக்குமா?"

"ஒத்துக்க வெக்கறதுதான் உன் வேலை. அப்புறம் அந்தத் தொட்டிங்க. வழியெல்லாம் அவ்வளவு சூடு எதுக்கு? ஒறையாத அளவுக்கு வெச்சிருந்துட்டு, கடைசியில ஏத்திக்கலாம். குளிர் கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சாப் போதும்."

எதிர் சீட்டில் இருந்த பெரியவர் நாம் சமையலைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்போல. "எண்ணெய மெதுவாச் சூடு பண்றதுதாம்மா நல்லது" என்றார். நீ சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாய்.

கடைசி மாதத்தில் உன்னால் அதிகம் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து புதுக் கோட்டை லேப்டாப்பில் காட்டுவேன். விரலால் ஓரிடத்தைத் தொடுவாய், தலையை ஆட்டுவாய், வேண்டாம் என்றால் கையை விலக்குவாய். ஒரு மதியம், ஆப்பிரிக்கக் கரையில் நான் வைத்திருந்த கோட்டைத் தொட்டு, ஒதுங்குவதற்கு இரண்டு இடம் வை என்பதுபோல இரண்டு விரலைக் காட்டினாய். வைத்தேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். அப்போது தூங்கத்தான் செய்தாய். அந்த வாரம் முடிவதற்குள் உன்னை இண்டூருக்குக் கொண்டுவந்தோம்.

காரியம் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். தோட்டத்து மோட்டார் கொட்டகை ஓரம் நின்றிருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் கேட்டது இதுதான்.

"கண்ணு, நீங்க ரெண்டு பேரும் ரயில்ல போவறப்ப வாறப்பல்லாம் பேசினிங்களே, அந்தக் கப்பலு. அது போவுதா?"

திட்டம் மூடப்பட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

"போவும்ங்க அப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் அதைச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது.

மறுவாரம் சென்னைக்குப் பஸ் ஏறினேன். போனில் பேசினால் சுதர்சன் சார் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிடுவார். நேரே போய் அவர் அறையில் உட்கார்ந்தேன். உன்னைப் பற்றி வருத்தமாகப் பேசினார். உண்மையான வருத்தம். அதன் நடுவே நான், "சார், இன்னொரு கப்பல் வேணும்" என்றேன். அவர் பழைய எண்ணெய்க் கணக்கைச் சொன்னார். "அந்தப் பயணத்துல சேமிப்பு கம்மி ஆனதுக்குக் காரணம் தேதி. அத மாத்தியிருக்கோம். அந்தக் கேப்டன் அலையில சிக்காம கப்பலக் கொண்டுவந்து சேத்தாங்க, நங்கூரமும் போடல. அத நீங்க தோல்வின்னு எழுதி வெச்சிருக்கீங்க. அது மட்டும் எனக்குச் சரின்னு படல" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். புதுத் திட்டத்தை முதலிலிருந்து காட்டச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவருமே எழுந்திருக்கவில்லை. கடைசியில், "டெர்மினல நீயே சம்மதிக்க வை. அவங்க சரின்னா நான் சரி" என்றார்.

டெர்மினலை சம்மதிக்க வைத்த கதையை நீ கேட்டால் சிரிப்பாய். தேதி இல்லாமல் எப்படி வரிசையில் இடம் தருவது என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன், படம் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் வீடியோவில், டெர்மினலில் வரிசையைக் கவனிக்கும் அம்மாளிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தருமபுரி டாக்டர் வீட்டு டோக்கனைப் பற்றிச் சொன்னேன். மேசையில் இருந்த பெண் போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பல் டாக்டரும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார். அந்த வாரமே சம்மதம் வந்துவிட்டது.

இந்த முறை கேப்டன் ஒரு தூத்துக்குடிக்காரர். கடலில் தலை நரைத்தவர். முதல் போனிலேயே, "மேடம், மெதுவாப் போனா என்னையச் சோம்பேறின்னுல்ல சொல்லுவாங்க?" என்றார். கோடு எதற்காக அப்படிப் போகிறது என்று ஒவ்வொரு வளைவாகச் சொன்னேன். ஒதுங்கும் இடம் இரண்டையும் காட்டினேன். "இத வெச்சது யாரு? கடல்ல இருந்தவுங்க மாதிரி இருக்கே" என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சோம்பேறி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஆப்பிரிக்கக் கரையில் மறுபடியும் காற்று வந்தது. முன்னளவு இல்லை, ஆனால் வந்தது. அவர் முதல் இடத்திலேயே ஒதுங்கிக் காத்திருந்தார். யாருக்கும் தேதி கொடுக்காததால் யாருக்கும் பதற்றமில்லை. நான் கூட அன்றைக்கு மாலை சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கிவந்தேன். காற்று விட்டதும் நீரோட்டத்தில் ஏறினார். முனையைத் தாண்டிய மறுநாள் டெர்மினலுக்குத் தேதி சொன்னேன். அவர்கள் ஒரு நாள் தள்ளிக் கேட்டார்கள். கேப்டன் இன்னும் கொஞ்சம் வேகத்தைத் தணித்தார். குளிர் தொடங்கும் பிஸ்கே வளைகுடாவுக்கு முன் தொட்டிகளின் சூட்டை ஏற்ற ஆரம்பித்தார்கள். ரோட்டர்டாமுக்கு வெளியே கப்பல் வந்தபோது, உள்ளே வழிகாட்டி அழைத்துப்போகும் பைலட் படகு காத்திருந்தது. நங்கூரச் சங்கிலி அசையக்கூட இல்லை என்று கேப்டன் எழுதினார்.

எண்ணெய்க் கணக்கு வந்தது. இந்த முறை அது பெயருக்கு இல்லை. சுதர்சன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "தெரியுது." அவர் வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது என்று நீயே சொல்வாய்.

அன்றைக்கே இண்டூருக்குப் போனேன். உன் அப்பா பாத்தியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். "கப்பல் போய்ச் சேந்துருச்சுங்க அப்பா. நிக்காம உள்ள போயிருச்சு" என்றேன். மண்வெட்டியை ஊன்றி நின்றார். "பொகை?" என்று கேட்டார். "கம்மிங்க. நல்லாவே கம்மி" என்றேன். தலையை ஆட்டினார். மறுபடியும் குனிந்து அடுத்த பாத்திக்கு மண்ணை வெட்டிவிட்டார். தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பி ஓடுவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உன் அம்மா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

இப்போது அந்த வழியில் எங்கள் டேங்கர்கள் பலவும் அப்படித்தான் போகின்றன. எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைக்காதே. போன வாரம்கூட ஒரு வாடகைக்காரர், சிங்கப்பூரில் கிளம்பும்போதே உறுதியான தேதி வேண்டும், இல்லாவிட்டால் வேறு கப்பல் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதினார். ஆபீசில் இரண்டு பேர், இந்த ஒரு முறை கொடுத்துவிடலாமே என்றார்கள். கொடுக்க முடியாது என்று எழுதிவிட்டேன். ஏன் முடியாது என்பதையும் எழுதினேன். நாளைக்கு அதற்காகக் கூட்டம். அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்பேன். ஆனால் முனைக்கு முன்னால் தேதி தரமாட்டேன். அந்தக் கப்பலை இழந்தாலும் தரமாட்டேன். அதற்கடுத்து, பிரேசிலில் சாண்டோஸிலிருந்து சீனக் கரைக்குச் சோயா கொண்டுபோகும் வழியைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் இதே முனைதான். எதிர்த்திசையில் போவதால் அந்த நீரோட்டம் எதிரே வரும். ஆகவே வேறு கோடு, வேறு ஒதுங்கிடங்கள். ஆரம்பித்துவிட்டேன்.

உன்னிடமிருந்து வந்து என்னிடம் இருப்பது எது என்று சில நேரம் யோசிப்பேன். பயம் இல்லாமை என்று முதலில் நினைத்தேன். அது வரவில்லை. திரையில் காற்று நிறம் மாறினால் இன்னும் பயந்துகொண்டுதான் கப்பலுக்குப் போன் போடுகிறேன். அன்றைக்குக் கரைப்பக்கம் ஒதுங்கிய நீயும் பயம் தெரியாதவள் இல்லை என்பது இப்போது புரிகிறது. பயந்தாய், ஒதுங்கினாய், காற்று விட்டதும் போய்ச் சேர்ந்தாய், வந்து தேதியை மாற்று என்றாய். அந்த வரிசை அப்படியே என்னிடம் இருக்கிறது.

நேற்று புதிதாக ஒரு கேப்டன் போனில் வந்தார். வயது குறைந்தவர், நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில், "இந்த வழிய நீங்க ஒருத்தரே போட்டதா மேடம்?" என்றார்.

"இல்லைங்க. ரெண்டு பேருங்க" என்றேன்.

"அப்ப அவங்ககிட்டயும் பேசணுமா?"

"வேணாங்க. அவங்க சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டாங்க. நீங்க மொதல்ல ஒதுங்கற எடத்தப் பாருங்க" என்று சொல்லி, ஆப்பிரிக்கக் கரையைப் பெரிதாக்கிக் காட்டினேன்.